அந்தப் பத்து நிமிஷத்துக்கு ஒரு பூட்டு!

செமஸ்டர் ரிசல்ட் வந்த ராத்திரி எந்த ஹாஸ்டலுக்கு வேணும்னாலும் போய்ப் பாருங்க. ஒரு ரூம்ல ட்ரீட் களை கட்டியிருக்கும். பக்கத்து ரூம்ல லைட் அணைஞ்சிருக்கும்.

போன செமஸ்டர்ல அப்படி லைட்டை அணைச்சுட்டுப் படுத்தவன் என் ரூம்மேட். நாலு பேப்பர் அரியர். ‘நான் இப்பவே ஊருக்குப் போறேன்டா’ன்னு கிளம்பினவனை, ‘காலையில போலாம், இப்ப டீ அடிக்க வா’ன்னு நாங்க மூணு பேர் இழுத்துக்கிட்டுப் போனோம். டீக்கடை பெஞ்சுல ரெண்டு மணி நேரம் மொக்கை. மறுநாள் காலையில அவனே சொன்னான்: “நேத்து நைட்டு நான் நானாவே இல்லடா. தனியா போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு தெரியல.”

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்க அட்வைஸ் எதுவும் பண்ணலை. ரெண்டு மணி நேரம் தள்ளிப்போட்டோம், அவ்வளவுதான்! (அவன் சம்மதத்தோடதான் எழுதறேன். பேர் மட்டும் வேணாம்னுட்டான்.)

சும்மா ஒரு ரெண்டு மணி நேரத்துக்கு இவ்வளவு பவரா? தேடித் தேடிப் படிச்சா... பதில் எங்க கடலூர் மாவட்டத்துலயே இருக்கு!

வந்தியத்தேவன் ஊர்ல ஒரு லாக்கர்

சிதம்பரத்துல பஸ் ஏறி, குமராட்சி தாண்டிப் போனா காட்டுமன்னார்கோயில். ‘பொன்னியின் செல்வன்’ல வந்தியத்தேவன் குதிரையில வந்து பிரமிச்சு நிக்கிற வீராணம் ஏரி இந்தப் பக்கம்தான். சுத்தி வயல். வயல் இருந்தா பூச்சி மருந்து இருக்கும். அதை வெச்சுக்கறது எங்கே? பெரும்பாலும் வீட்டுக்குள்ளேதான். இதுதான் பிரச்னையே. உலகத்துல தற்கொலையால இறக்கறவங்கள்ல ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தர் பூச்சிக்கொல்லியாலதான் இறக்கறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார், 1986-ல் சென்னையில் ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கியவர். அவரும் அவரோட குழுவும் காட்டுமன்னார்கோயில் பகுதியில ஒரு ஆராய்ச்சி பண்ணினாங்க. ஐடியா ரொம்ப சிம்பிள். பேங்க்ல நகைக்கு லாக்கர் இருக்கற மாதிரி, ஊருக்குப் பொதுவா பூச்சி மருந்துக்கு ஒரு லாக்கர்! விவசாயிகள் மருந்தை வீட்டுல வைக்காம, பொதுக் கட்டிடத்துல தனக்குன்னு இருக்கற பெட்டியில வெச்சுப் பூட்டணும். தேவைப்படும்போது போய் எடுத்துக்கணும். ரெண்டு கிராமத்துல இந்த ஏற்பாடு. ஒப்பிட்டுப் பார்க்க இது இல்லாத இன்னும் ரெண்டு கிராமம்.

ஒன்றரை வருஷம் கழிச்சுப் பார்த்தாங்க. லாக்கர் இருந்த கிராமங்கள்ல பூச்சி மருந்து தற்கொலைகளும் முயற்சிகளும் குறைஞ்சிருந்தது. முடிவு 2013-ல் வெளியானது. நாலே கிராமம்ங்கறதால ‘இதோ தீர்வு’ன்னு அவங்க தம்பட்டம் அடிக்கலை. ஊர்க்காரங்க இதை ஏத்துக்கறாங்க, பெரிய அளவுல சோதிச்சுப் பார்க்கலாம்னு சொன்னாங்க.

மனசு மாற எவ்வளவு நேரம்?

பூட்டுக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? 2009-ல் வெளியான ஒரு ஆஸ்திரிய ஆய்வுல, முயற்சி பண்ணிப் பிழைச்ச 82 பேர்கிட்ட பேசினாங்க. ஏறக்குறைய பாதிப் பேருக்கு, அந்த எண்ணம் வந்ததுலேர்ந்து முயற்சி வரைக்கும் இருந்த இடைவெளி பத்து நிமிஷமோ அதுக்கும் கீழேயோதான்! இலங்கையில கேட்டப்பவும் பாதிப் பேருக்கு மேல ‘அரை மணி நேரத்துக்குள்ள எடுத்த முடிவு’ன்னுதான் சொல்லியிருக்காங்க.

வருஷக்கணக்கா யோசிச்சு எடுக்கற முடிவுன்னு நாம நினைச்சுக்கிட்டிருக்கோம். நிறைய பேருக்கு அது ஒரு அலை. உச்சிக்குப் போகும், இறங்கிடும். அந்த அலை இறங்கற வரைக்கும் கைக்கெட்டற தூரத்துல ஆபத்து இல்லாம இருந்தா, ஆள் பிழைச்சுக்கறான். நம்ம வயசுல அலை இன்னும் வேகமா அடிக்கும், சொல்லவே வேண்டாம்.

டாக்ஸிகாலஜி பக்கம் வந்தா, எலெக்ட்ரிகல் பசங்களுக்கு இது ஈஸியா புரியும். நரம்பு சிக்னல் அனுப்பினதும் அதை ‘ஆஃப்’ பண்ண உடம்புல ஒரு என்சைம் இருக்கு. பல பூச்சிக்கொல்லிகள் அந்த என்சைமைத்தான் முடக்குது. ஸ்விட்ச் ‘ஆன்’லயே மாட்டிக்குது, மூச்சு திணறுது. டாக்டர்கள் அட்ரோபின் கொடுத்து, தேவைப்பட்டா வென்டிலேட்டர் வெச்சுப் போராடறாங்க. சில விஷத்துக்கு மாத்து மருந்தே கிடையாது. அதனால ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு முன்னாடியே தடுக்கறதுதான் பெரிய வைத்தியம்.

இலங்கை சொல்ற பாடம்

சரி, வீட்டுக்கு வீடு ஒரு பூட்டுப் பெட்டி கொடுத்துட்டா போதாதா? எனக்கும் அதான் தோணுச்சு. இலங்கையில அதையும் சோதிச்சுட்டாங்க. 180 கிராமங்கள்ல நடந்த மாபெரும் ஆய்வு. 2017-ல் வந்த முடிவு: வீட்டுப் பெட்டியால பலன் தெரியலை! பெட்டியும் வீட்டுல, சாவியும் வீட்டுல... அப்புறம் என்ன பூட்டுன்னு எனக்குத் தோணுச்சு.

ஆனா அதே இலங்கை வேற ஒண்ணுல ஜெயிச்சுது. 1980-கள்லேர்ந்து, ரொம்பக் கொடிய பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியா தடை பண்ணிட்டே வந்தாங்க. தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைஞ்சுது. 1995 முதல் 2015 வரைக்கும் 93 ஆயிரம் உயிர்கள் காப்பாத்தப்பட்டிருக்கும்னு ஒரு கணக்கு. ‘விளைச்சல் போச்சா?’ன்னா, அதுவும் இல்லைன்னு 2008-ல் வந்த ஆய்வு சொல்லுது.

நம்ம தமிழ்நாட்டுலயும் 2022-23-ல் ஆறு பூச்சிக்கொல்லிகளுக்கு 60 நாள் தற்காலிகத் தடை போட்டாங்க. 60 நாள் போதுமாங்கறது நாம கேக்க வேண்டிய கேள்வி.

இதே லாஜிக்ல நம்ம ஸ்டேட் முன்னாடியே ஒரு சூப்பர் வேலை பண்ணியிருக்கு தெரியுமா? ப்ளஸ் டூ ஃபெயிலான உடனே எழுதற சிறப்புத் துணைத் தேர்வு! முன்னாடி ஃபெயில்னா வருஷமே போச்சு. இப்போ சில வாரத்துல இன்னொரு சான்ஸ். இதுக்காகக் குரல் கொடுத்தவங்கள்ல லட்சுமி விஜயகுமாரும் ஒருத்தர். அதுவும் ஒரு பூட்டுதான், இல்லையா?

அப்பாவும் மோட்டார் கொட்டகையும்

இதெல்லாம் படிச்சுட்டு லீவுக்கு வீட்டுக்குப் போனேன். எங்க வீட்டுப் பரண்ல அப்பாவோட பூச்சி மருந்து டப்பா. சின்ன வயசுலேர்ந்து பார்த்துப் பழகினதால கண்ணுலயே பட்டதில்லை. “இதை வெளியில மாத்துங்கப்பா”ன்னேன். “நம்ம வீட்டுல யாருடா அப்படி இருக்கா?”ன்னு சிரிச்சார். ரூம்மேட் கதையைச் சொன்னேன். அந்த வீட்டுலயும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்கன்னேன். அப்பா ஒண்ணும் பேசலை. சாப்பிட்டு எழுந்து போயிட்டார்.

அடுத்த வாரம் அம்மா போன்ல சொன்னாங்க: “உங்கப்பா எல்லாத்தையும் வயக்காட்டு மோட்டார் கொட்டகைக்குத் தூக்கிட்டுப் போய்ப் பூட்டிட்டாருடா. சாவியை அரைஞாண் கயித்துல கட்டிக்கிட்டுத் திரியறாரு!”

வீட்டுலேர்ந்து கொட்டகைக்கு நடந்தா சரியா பத்து நிமிஷம்.

ரூம்மேட்டா? நாலுல மூணு கிளியர். மிச்சம் ஒண்ணுக்கு இப்ப என் பக்கத்துல உக்காந்து படிச்சுக்கிட்டிருக்கான். டீ இன்னைக்கு அவன் செலவு!

மறக்காதீங்க ஃப்ரெண்ட்ஸ்!

* மனசு கனமா இருந்தா டெலி மானஸ் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழ்ல பேசலாம். சினேகா: 044-24640050. தமிழக அரசின் 104-ம் இருக்கு.

* ஃப்ரெண்ட் டல்லா இருந்தா நேரடியா கேளுங்க. கேக்கறதால அந்த எண்ணம் வந்துடாது. தனியா விடாதீங்க.

* யாராவது விஷம் சாப்பிட்டது தெரிஞ்சா உடனே 108. உப்புத் தண்ணி, சோப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க. டப்பாவைக் கையோட எடுத்துட்டுப் போங்க. லேபிளைப் பார்த்தா டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

* ‘போலீஸ் கேஸ் ஆயிடும்’னு பயந்து ஆஸ்பத்திரிக்கு லேட் பண்ணாதீங்க. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 அவங்களைக் குற்றவாளியா பார்க்கலை; சிகிச்சை தேவைப்படறவங்களாதான் பார்க்குது. தற்கொலை முயற்சிக்குத் தண்டனை கொடுத்த பழைய 309-வது பிரிவும் 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்துல இல்லை.