பெட்டிச் சங்கீதமும் பேரப்பிள்ளைகளும்

நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லைக் கிராமங்களுக்குச் சங்கீதம் புதிதல்ல. 1924-இல் பிறந்த பாறசாலை பொன்னம்மாள், திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபக் கச்சேரியில் 2006-இல் பாடி, அந்த மேடையேறிய முதல் பெண்மணி ஆனார். 2008-இல் மறைந்த நெய்யாற்றின்கரை வாசுதேவனும் இந்த மண்ணின் குரலே. இத்தகைய பாட்டைக் கேட்டுப் பழகிய நம்மிடம், பேரப்பிள்ளை கம்ப்யூட்டரில் ‘சிப்டியூன்’ ஒன்றை அமைத்துக் கொண்டுவந்து, “கேளுங்க தாத்தா” என்கிறான். “என்னடா இது, கீ கீன்னு” என்று சொல்லிவிடுகிறோம். அதற்குப் பிறகு அவன் நம்மிடம் எதையும் கொண்டுவருவதில்லை.

அது என்னவென்று முதலில் தெரிந்துகொள்வோம். 1983-இல் ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் ‘பேமிகாம்’ என்ற டிவி கேம் பெட்டியை வெளியிட்டது. அதன் சில்லில் ஒலிவழிகள் ஐந்தே: சதுர அலை இரண்டு, முக்கோண அலை ஒன்று, தாளத்துக்கு உதவும் இரைச்சல் ஒன்று, பதிவுசெய்த சிறு ஒலித்துண்டுக்கு ஒன்று. முக்கோண அலையின் சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ கூட வழியில்லை. அந்தப் பழைய ஒலியிலேயே இன்றும் பலர் விரும்பி இசையமைக்கிறார்கள். ஆகவே ‘கீ கீ’ என்பது கருவியின் குரல், பிள்ளையின் பிழை அல்ல. நாதஸ்வரத்திடம் போய் வீணை நாதம் கேட்பாருண்டோ?

பாலராமபுரம் வேட்டியைக் கையில் எடுக்கும் வியாபாரி, “துணி சரியில்லை” என்று மொத்தமாகச் சொன்னால் நெசவாளிக்கு ஒன்றும் விளங்காது. ஊடை தளர்ந்த இடத்தில் விரல் வைத்துக் காட்டினால் அடுத்த வேட்டியில் திருத்திவிடுவார். இங்கேயும் அப்படித்தான். “இருபதாவது செகண்டில ரெண்டு சதுர அலையும் ஒரே ஸ்தாயில மோதுது, பாட்டு கேக்கல, ஒண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பாரு” என்றால் பிள்ளைக்குச் செய்ய ஒரு வேலை கிடைக்கிறது. புதிதாகப் பழகுகிறவர்கள் இரைச்சல் தாளத்தை இடைவெளியே விடாமல் நிரப்பிவிடுவதும் உண்டு. எந்த இடத்தில் மூச்சு விடலாம் என்று காட்டலாம்.

விளையாட்டு இசை சுழன்று சுழன்று வருவது. ஒருமுறை கேட்டு அபிப்பிராயம் சொல்லக்கூடாது. மூன்று சுற்றாவது கேட்டால்தான் முடிவும் தொடக்கமும் சேரும் இடம் இடறுகிறதா என்று தெரியும். செல்போனின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு அடிநாதம் இல்லையென்று சொல்லவும் வேண்டாம், ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள்.

நம் காது கமகத்தைத் தேடும். அது நம் பழக்கம். அவன் வேண்டுமென்றே ஸ்வரத்தை நேராக நிறுத்தியிருக்கலாம். “தம்பி, இந்த இடத்துல ஸ்வரம் அசையணுமா, நேரா நிக்கணுமா?” என்று அவனையே கேட்க வேண்டும். அசையணும் என்றால், ‘பேமிட்ராக்கர்’ போன்ற இலவச மென்பொருளில் ஸ்வரத்தை நடுக்கவும் வழுக்கவும் கட்டளைகள் இருக்கின்றன.

ஒரு தடவைக்கு ஒரு திருத்தம், மிஞ்சினால் இரண்டு. மாற்றிக்கொண்டு வந்ததும் பழையதையும் புதியதையும் அடுத்தடுத்துப் போடச் சொல்லுங்கள். எது மேல் என்று நாம் வாய் திறக்குமுன் அவனே சொல்லிவிடுவான்.