பேற்றுக்குப் பின் விலகும் வயிற்றுத் தசை

கெடாத் தோட்டங்களில் பிள்ளை பெற்றவளின் வயிறு பழைய நிலைக்குத் திரும்பாவிட்டால், 'வயிறு சரிந்துவிட்டது' என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவது வழக்கம். பழஞ்சேலையைக் கிழித்து வயிற்றை இறுகக் கட்டுவதும், மலாய்க் குடும்பங்களில் 44 நாள் பத்தியத்தோடு 'பெங்கோங்' துணி சுற்றுவதும் நாம் கண்டு வளர்ந்தவை. ஆனால் சரிந்தது எது என்று நாம் கேட்டதில்லை.

மார்புக்கூட்டிலிருந்து இடுப்பெலும்பு வரை வயிற்றின் முன்புறம் இரு நீண்ட தசைகள் இணையாக இறங்குகின்றன. அவற்றை நடுவில் இணைக்கும் நார்ப்பட்டைக்கு வெண்கோடு என்று பெயர். கருப்பை வளர வளர இப்பட்டை அகன்று மெலிகிறது. தசைகள் இருபுறமும் ஒதுங்குகின்றன. இடைவெளி 2 சென்டிமீட்டரைக் கடந்தால் அதனைத் தசை விலகல் என்பர். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கித் தலையைச் சற்றே உயர்த்தினால், கொப்பூழை ஒட்டி நடுக்கோட்டில் கூரைமுகடு போல் ஒரு புடைப்பு எழும்; விரல்கள் உள்ளே பதியும். இது கொழுப்பன்று, பட்டினி கிடப்பதால் இவ்விடைவெளி மூடாது.

முதற்பேறு கண்ட 300 பெண்களைத் தொடர்ந்து கவனித்த நார்வே ஆய்வொன்று 2016-இல் வெளிவந்தது. பேறு முடிந்த 6 வாரத்தில் 60 விழுக்காட்டினருக்கும், ஓராண்டு சென்ற பின்னும் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கும் விலகல் இருந்தது. வாரத்திற்கு 20 முறையோ அதற்கு மேலோ பெருஞ்சுமை தூக்கியவர்களிடம் அது மிகுதி. (முதுகுவலிக்கெல்லாம் இதுவே காரணம் என்பதற்கு அவ்வாய்வில் சான்று கிட்டவில்லை.)

இதைப் படிக்கையில் நம் நினைவுக்கு வருவது காண்டாக் கம்பில் பால் வாளிகளைத் தொங்கவிட்டு நடந்த பெண்களே. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் அளித்த பேறுகால விடுப்பு 60 நாள். 98 நாளாக உயர்ந்தது 2023 சனவரியில்தான். வெண்கோடு இறுகுமுன்பே வாளி தோளேறியது. அவர்களைச் சோம்பேறி வயிறு என்று ஏசியதும் உண்டு.

மருத்துவத்தில் முதற்படி, உள்வயிற்றுத் தசைகளுக்கான பயிற்சி. வலிமை கூடும், எனினும் எல்லோருக்கும் இடைவெளி மூடிவிடுவதில்லை. அறுவையைப் பேற்றுக்குப் பின் ஓராண்டளவு பொறுத்தே, அதுவும் இனிக் குழந்தை வேண்டாம் என்று முடிவு செய்தவர்களுக்கே பெரும்பாலும் பரிந்துரைப்பர். மீண்டும் கருவுற்றால் தையல் நெகிழக்கூடும். அடிவயிற்றில் குறுக்காகக் கீறித் தோலையும் கொழுப்பையும் மேலே விலக்குவர். பிறகு தசையுறைகளின் ஓரங்களை நடுவுக்கு இழுத்து, நீடித்து நிற்கும் நூலால் நெடுகத் தைப்பர். தளர்ந்த சட்டைக்குத் தையற்காரர் மடிப்புப் பிடிப்பதை இஃது ஒக்கும். மிகைத் தோல் நீக்கப்படும். குடலிறக்கமும் சேர்ந்திருந்தால் வலை வைத்துத் தைப்பதுண்டு. தோலடியில் நீர் கோத்தல், தொற்று, காலில் இரத்தக்கட்டி ஆகிய இடர்கள் உள்ளன. ஏறத்தாழ 6 வாரம் சுமை தூக்கலாகாது, கைக்குழந்தையும் சுமையே.

சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் தொழிற்சாலைக்குச் செல்லும் இன்றைய தாய், அரசு மருந்தகத்தில் 'வயிறு பெரிதாக இருக்கிறது' என்று மட்டும் சொன்னால் உணவைக் குறைக்கச் சொல்லி அனுப்பக்கூடும். எழும்போது நடுவயிறு புடைக்கிறது, அங்கே விரல் பதிகிறது என்று சொல்லட்டும். புடைப்பு வலித்தாலோ, அழுத்தியும் உள்ளே போகாவிட்டாலோ, அது குடலிறக்கமாக இருக்கலாம். அன்றே காட்ட வேண்டும்.