ஒட்டும் நெல் இருந்தால்தான் புட்சி!
பிலிப்பைன்ஸ் நாட்டின் எள் ஒட்டிய இனிப்பு உருண்டை: களத்துமேடு முதல் வாணலி வரை

பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் பினோண்டோ என்றொரு பகுதி இருக்கிறது. ஸ்பானியர் ஆட்சியில், கிறிஸ்தவ மதத்துக்கு மாறிய சீனர்களுக்காக 1594-ம் ஆண்டு ஏற்படுத்தப்பட்ட குடியிருப்பு அது. அங்குள்ள பலகாரக் கடைகளில் எலுமிச்சம்பழ அளவில், பொன்னிறத்தில், மேலெல்லாம் வெள்ளை எள் ஒட்டிய உருண்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். கடித்தால் மேலே மொறுமொறுப்பு, அடுத்து இழுபடும் மெத்தென்ற மாவு, நடுவே இனிப்புப் பூரணம். இதுதான் ‘புட்சி’.

பெயருக்கு எள் உருண்டைதான் என்றாலும், வெல்லப்பாகில் எள்ளைப் பிடித்து உருட்டும் நம் எள்ளுருண்டை வேறு, இது வேறு. பூரணத்தைப் பார்த்தால் நம் சுழியத்துக்கு நெருக்கம். மேல்மாவும் பொரிக்கும் பக்குவமும்தான் முற்றிலும் வித்தியாசம்.

சீனர்கள் ‘ஜியன் துய்’ என்று அழைக்கும் பலகாரம்தான் அவர்களோடு கடல் கடந்து பிலிப்பைன்ஸில் புட்சியாக மாறியது. இந்தோனேசியாவில் இதையே ‘ஒண்டே ஒண்டே’ என்கிறார்கள். உருண்டை வடிவமும் பொன்னிறமும் செல்வம் சேர்வதன் அடையாளம் என்பதால், சீனப் புத்தாண்டில் இதற்குத் தனி இடம் உண்டு. மற்ற நாட்களிலும் சாதாரண உணவகங்களில் சாப்பாட்டுக்குப் பின் இனிப்பாகக் கிடைக்கும்.

புட்சிக்குத் தேவையான அரிசி, பயறு, எள், சர்க்கரை எல்லாமே சிறு விவசாயிகளின் விளைபொருட்கள்தான். ஆனால், கொழுக்கட்டைக்கு அரைத்த பச்சரிசி மாவில் இதைச் செய்தால் வராது. உருண்டை விரிசல் விடும், எண்ணெயில் பிளக்கும், ஆறியதும் கல்லாகும். காரணம் சமைப்பவர் கையில் இல்லை, நெல்லில் இருக்கிறது.

ஐ.ஆர். 64-க்கு அடுத்த எண்

பிலிப்பைன்ஸ் நெல் ரகங்கள் நமக்குப் புதியவை அல்ல. ஐ.ஆர். 8, ஐ.ஆர். 20, ஐ.ஆர். 36, ஐ.ஆர். 64 என்று நம் வயல்களில் விளைந்த ரகங்களின் தாய்வீடு, அந்த நாட்டின் லாஸ் பான்யோஸ் ஊரில் 1960-ல் தொடங்கப்பட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம். ஐ.ஆர். 8 அங்கிருந்து 1966-ல் வெளிவந்தது. அதே நிலையம் ஐ.ஆர். 29, ஐ.ஆர். 65 என்ற ரகங்களையும் உருவாக்கியது. இவை சாப்பாட்டு அரிசி அல்ல, பலகாரத்துக்கான ஒட்டரிசி. பிலிப்பைன்ஸ் மக்கள் ஒட்டரிசியை ‘மலக்கிட்’ என்கிறார்கள்.

அரிசியில் உள்ள மாவுச்சத்து இரண்டு வகை. ஒன்று அமைலோஸ்; நேரான சங்கிலி போன்றது. இன்னொன்று அமைலோபெக்டின், கிளை கிளையாகப் பிரிந்தது. அமைலோஸ் அதிகமிருந்தால் சோறு உதிரி உதிரியாக வரும், ஆறினால் விறைக்கும். ஒட்டரிசியில் அமைலோஸ் ஏறக்குறைய இல்லவே இல்லை. அதனால்தான் அதன் மாவு பலூன் போல இழுபடுகிறது, ஆறிய பிறகும் சில மணி நேரம் மெத்தென்று இருக்கிறது. சூட்டில் புட்சி உப்பும்போது கிழியாமல் தாங்குவது இந்த இழுவைதான்.

நெல் விலை சரிந்தபோது

பிலிப்பைன்ஸ் உலகில் மிக அதிகமாக அரிசி இறக்குமதி செய்யும் நாடுகளில் ஒன்று. 2019-ம் ஆண்டு பிப்ரவரியில் அங்கே ஒரு சட்டம் வந்தது. அரிசி இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாட்டை நீக்கி, வரி செலுத்தினால் தனியாரும் இறக்கலாம் என்றது. தென்கிழக்கு ஆசிய நாடுகளிலிருந்து வரும் அரிசிக்கு அப்போது 35 சதவிகித வரி வைத்தார்கள். கடைகளில் அரிசி விலை இறங்கியது. களத்துமேட்டில் நெல் விலையும் சரிந்தது. அடி வாங்கியவர்கள் சிறு விவசாயிகள்.

இப்படிப்பட்ட காலத்தில், நெல்லை நெல்லாகவே விற்பவரைவிட, அதில் ஒரு பகுதியைப் பலகாரமாக்கி விற்கும் குடும்பத்துக்குக் கொஞ்சம் பிடிமானம் இருக்கும். ஒட்டரிசியும் தேங்காயும் சேர்ந்த பலகாரங்களை அங்கே பொதுவாகக் ‘ககானின்’ என்பார்கள். கிராமத்துப் பெண்கள் வீட்டில் செய்து சந்தையிலும் தெருவிலும் விற்பது இன்றும் சாதாரணக் காட்சி. ஒட்டரிசிக்குச் சாப்பாட்டு அரிசியைவிடப் பொதுவாகக் கூடுதல் விலையும் உண்டு. ஆனால், அந்தச் சந்தை சிறியது. பண்டிகைக் காலத்தில் தேவை ஏறும், பிறகு இறங்கும். அதனால் வயல் முழுவதையும் ஒட்டு நெல்லுக்கு ஒதுக்காமல், பலகாரத்துக்கு வேண்டிய அளவுக்கு ஒரு துண்டு நிலத்தை ஒதுக்குவதுதான் சிறு விவசாயிக்குப் பாதுகாப்பு.

பூரணத்துக்கான பாசிப்பயறும் அதே நெல் வயலில் இருந்துதான் வருகிறது. வடக்கே இலோகோஸ், பங்கசினான் பகுதிகளில் நெல் அறுத்த பின், மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தை நம்பிப் பயறு விதைக்கிறார்கள். நம் டெல்டாவில் நெல் தரிசில் உளுந்தும் பயறும் போடுவது போலத்தான்.

களத்தில் கலந்தால் வாணலியில் தெரியும்

ஒட்டரிசியில் சாதாரண அரிசி கலந்துவிட்டால் மாவின் இழுவை குறைந்துவிடும். நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும் பயிர். அயல் மகரந்தம் சேர்வது பொதுவாக நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. கலப்பு அதிகம் நடப்பது அறுவடை இயந்திரத்திலும் களத்திலும் அரவை ஆலையிலும்தான். முந்தைய ஆளின் நெல் இயந்திரத்தில் தங்கியிருந்தால் அது நம் மூட்டையில் வந்து சேரும். அதனால் களத்தைக் கூட்டி, இயந்திரத்தைத் துடைத்து, ஆலையில் முதலில் வெளிவரும் சில கிலோவைத் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். விதைக்கு வைக்கும் நெல்லை வயலின் நடுப்பகுதியில் இருந்து எடுப்பது நல்லது.

கலப்பு இருக்கிறதா என்று பார்க்க எளிய வழிகள் உண்டு. நன்றாகக் காய்ந்த ஒட்டரிசி பால் போல வெள்ளையாக, ஒளி ஊடுருவாமல் இருக்கும். சாதாரண அரிசி கண்ணாடி போல லேசாகத் தெளிந்திருக்கும். ஒரு பிடி அரிசியைக் கறுப்புத் துணியில் பரப்பினால் வித்தியாசம் தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால், மருந்துக்கடையில் கிடைக்கும் டிங்சர் அயோடினைத் தண்ணீரில் கலந்து, குறுக்கே வெட்டிய அரிசியின் மேல் ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமாக மாறினால் சாதாரண அரிசி. செம்பழுப்பாக மாறினால் ஒட்டரிசி. சோதித்த அரிசியைக் கொட்டிவிட வேண்டும்.

செய்முறை (சுமார் 20 உருண்டைகள்)

*தேவையானவை:* ஒட்டரிசி மாவு 250 கிராம், சர்க்கரை 75 கிராம், தண்ணீர் சுமார் 190 மில்லி, உப்பு ஒரு சிட்டிகை, வெள்ளை எள் 100 கிராம், பொரிக்க எண்ணெய்.

*பூரணத்துக்கு:* பாசிப்பருப்பு 100 கிராம், வெல்லம் 75 கிராம், தேங்காய் எண்ணெய் 2 தேக்கரண்டி.

1. பாசிப்பருப்பை 2 மணி நேரம் ஊறவைத்து, குறைந்த தண்ணீரில் குழைய வேகவையுங்கள். மசித்து, கரைத்து வடிகட்டிய வெல்லமும் எண்ணெயும் சேர்த்து, அடி பிடிக்காமல் கிளறுங்கள். பூரணம் பாத்திரத்தில் ஒட்டாமல் சுருண்டு வர வேண்டும். ஆறியதும் கோலிக்குண்டு அளவில் உருட்டி வையுங்கள்.

2. எள்ளைத் தண்ணீரில் அலசுங்கள். மண் அடியில் தங்கும். மேலே உள்ள எள்ளை அள்ளி, நிழலில் உலர்த்துங்கள். வறுக்க வேண்டாம், எண்ணெயிலேயே வறுபடும்.

3. சர்க்கரையையும் உப்பையும் சூடான தண்ணீரில் கரையுங்கள். மாவில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசையுங்கள். கையில் ஒட்டாத, காது மடல் போன்ற பதம் வேண்டும். மாவில் எட்டில் ஒரு பங்கைக் கிள்ளித் தட்டையாக்கி, கொதிக்கும் நீரில் போட்டு, மிதந்ததும் எடுத்து மற்ற மாவோடு சேர்த்துப் பிசைந்தால் இழுவை கூடும். ஈரத்துணி போட்டு 20 நிமிடம் மூடி வையுங்கள்.

4. சிறிய எலுமிச்சை அளவு மாவை எடுத்துக் கிண்ணம் போலக் குழித்து, பூரணத்தை வைத்து மூடுங்கள். உள்ளே காற்று தங்கக் கூடாது. மடிப்போ விரிசலோ தெரியாமல் உருட்டுங்கள்.

5. உருண்டையை லேசாக ஈரப்படுத்தி எள்ளில் புரட்டுங்கள். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்தி உருட்டினால் எள் உதிராது.

6. உருண்டை மிதக்கும் அளவுக்கு எண்ணெய் ஊற்றி, மிதமாகச் சூடாக்குங்கள். சிறு துண்டு மாவைப் போட்டால் அடியில் போய், மெதுவாக மேலே வர வேண்டும். உடனே குபீரென்று பொங்கினால் சூடு அதிகம். வெப்பமானி இருந்தால் சுமார் 150 டிகிரி செல்சியஸ்.

7. ஒரு ஈட்டுக்கு ஐந்தாறு உருண்டைகள் போதும். ஒன்றோடொன்று ஒட்டாமல் திருப்பிக்கொண்டே இருங்கள். மிதந்ததும் ஜல்லிக்கரண்டியின் முதுகால் ஒவ்வொன்றையும் மென்மையாக அழுத்தி விட்டால் உப்பும். மொத்தம் 8 முதல் 12 நிமிடங்கள் ஆகும். கடைசி ஒரு நிமிடம் தீயைச் சற்றே கூட்டி, பொன்னிறமானதும் எடுத்து வடியவிடுங்கள்.

பாசிப்பருப்புக்குப் பதிலாகச் சிவப்பு பீன்ஸ், தாமரை விதைப் பூரணமும் உண்டு. பிலிப்பைன்ஸின் தனி அடையாளம் ‘ஊபே’ என்ற ஊதா நிறக் கிழங்கு. இதில் நமக்கும் உறவு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப்பால் சேர்த்துக் கூழாகக் காய்ச்சும் இராசவள்ளிக் கிழங்கும் அதே இனம்தான்.

எண்ணெயில் வெடிக்கும், கவனம்!

புட்சி செய்யும்போது அலட்சியம் கூடாத இடம் இதுதான். உருண்டைக்குள் இருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகிறது. எண்ணெய் மிதமாக இருந்தால் மேல்மாவு இளகி விரிந்து, ஆவிக்கு இடம் கொடுக்கும். எண்ணெய் கொதித்தால் மேல்பகுதி உடனே இறுகிவிடும். உள்ளே அழுத்தம் கூடி, உருண்டை வெடித்து எண்ணெய் முகத்தில் தெறிக்கும். தண்ணீர்ப் பதமான பூரணம், காற்றுக்குமிழி, சரியாக மூடாத வாய், சாதாரண அரிசி கலந்த மாவு ஆகியவையும் இதே ஆபத்தைத் தரும்.

பொரிக்கும்போது வாணலிக்கு மேல் குனியாதீர்கள். நீளக் கைப்பிடி உள்ள கரண்டியைப் பயன்படுத்துங்கள். குழந்தைகள் அடுப்பங்கரைக்கு வரவேண்டாம். முதல் முறை ஒரே ஒரு உருண்டையைப் போட்டுப் பாருங்கள். எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது; அடுப்பை அணைத்து, தட்டால் மூட வேண்டும்.

கேள்வி–பதில்

*புழுங்கல் அரிசி மாவு சேர்க்கலாமா?*
கூடாது. புழுக்கும்போதே மாவுச்சத்து ஒருமுறை வெந்துவிடுகிறது. ஒட்டு நெல்லைப் பச்சையாகவே காயவைத்து அரைக்க வேண்டும்.

*மாவை வீட்டிலேயே தயாரிக்க முடியுமா?*
முடியும். பிலிப்பைன்ஸ் கிராமங்களின் பழைய முறை இது: ஒட்டரிசியை இரவு முழுக்க ஊறவைத்து, கல்லில் நீர் விட்டு அரைத்து, துணியில் கட்டி, மேலே கனமான கல்லை வைத்துத் தண்ணீரை வடியவிடுவார்கள். இந்த மாவை ‘கலாபோங்’ என்பார்கள். இதில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால், மேலே சொன்ன அளவுத் தண்ணீரை ஊற்றாமல், தேவைக்குத் தெளித்துப் பிசைய வேண்டும்.

*இந்தியாவில் ஒட்டரிசி கிடைக்குமா? கறுப்பு அரிசி எல்லாம் ஒட்டுமா?*
அசாமின் போரா அரிசியும், 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற மணிப்பூரின் சக்காவ் கறுப்பு அரிசியும் ஒட்டும் வகைகள். ஆனால், நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. கறுப்பு மேல்தோலில்தான் இருக்கிறது. கையில் உள்ள அரிசியைக் குறுக்கே வெட்டி, உள்பகுதியில் அயோடின் சோதனை செய்து பாருங்கள்.

*எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?*
செய்த அன்றே சாப்பிடுவதுதான் சரி. பருப்புப் பூரணம் சீக்கிரம் புளிக்கும், மேல்மாவும் மறுநாள் இறுகும். விற்க நினைப்பவர்கள் ஆர்டர் வாங்கிக்கொண்டு அன்றைக்கு வேண்டியதை மட்டும் பொரிப்பது நஷ்டத்தைத் தவிர்க்கும். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்வதும் அவசியம்.

*விற்க ஆரம்பிக்கும் முன் கணக்கு எப்படிப் போடுவது?*
முதலில் ஒரு கிலோ மாவுக்குச் செய்து பாருங்கள். அரிசி, அரவைக் கூலி, பருப்பு, எள், சர்க்கரை, வெல்லம், எரிபொருள் ஆகியவற்றோடு, செய்து முடித்த பின் எண்ணெய் எவ்வளவு குறைந்தது என்பதையும் எழுதுங்கள். உங்கள் உழைப்புக்கு ஒரு நாள் கூலியைச் சேருங்கள். சொந்த வயல் நெல்லாக இருந்தாலும் அதன் சந்தை விலையைக் கணக்கில் வையுங்கள். பிளந்துபோன உருண்டைகளைக் கழித்துவிட்டு, மீதி எண்ணிக்கையால் மொத்தச் செலவை வகுத்தால் ஓர் உருண்டையின் அடக்கவிலை வரும். அதற்கு மேல் உங்கள் ஊரில் விலை கிடைக்குமானால், அடுத்த பட்டத்தில் ஒட்டு நெல்லுக்குச் சில சென்ட் நிலம் ஒதுக்குவதைப் பற்றி யோசிக்கலாம்.