புது ரேடியோ வாங்கப் போகிறீர்களா?

2019ஆம் ஆண்டு மே 3ஆம் தேதி. ஒடிசா மாநிலத்தில், பூரி நகருக்கு அருகே ஒரு பெரும் புயல் கரையைக் கடந்தது. அதன் பெயர் ஃபானி. காற்று மணிக்குச் சுமார் 175 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் முன்னதாகவே பாதுகாப்பான இடங்களுக்குப் போய்விட்டார்கள். முன்னெச்சரிக்கை பல உயிர்களைக் காப்பாற்றியது.

புயலுக்குப் பிறகு என்ன ஆயிற்று? மின்கம்பங்கள் சாய்ந்தன. பல நாட்கள் மின்சாரம் இல்லை. செல்போன் கோபுரங்களும் வேலை செய்யவில்லை. அந்த நேரத்தில் வெளியுலகச் செய்தி எப்படித் தெரியும்? பேட்டரியில் பாடும் சின்ன ரேடியோ உதவும்.

இதை நினைவில் வைத்துக்கொண்டு கடைக்குப் போவோம்.

அங்கே புதுவகை ரேடியோ இருக்கிறது. திருகக் குமிழ் இல்லை. முன்பக்கம் கண்ணாடித் திரை. விரலால் தொட்டால் பாடுகிறது. இதுதான் தொடுதிரை ரேடியோ. பார்க்க அழகாக இருக்கிறது. விலை அதிகம். வாங்கலாமா? அவசரப்பட வேண்டாம். முதலில் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

எஃப்.எம். என்று இருக்கிறதா?

இது வானலை வழியாக வருவது. ஒலி தெளிவாக இருக்கும். சில பத்து கிலோமீட்டர் தூரம் வரை எட்டும். மத்திய அலை இதைவிட வெகுதூரம் போகும். ஆனால் சில இடங்களில் மத்திய அலை ஒலிபரப்பை நிறுத்திவிட்டார்கள். உங்கள் ஊரில் எது கிடைக்கிறது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். வானலையைக் கேட்க மாதக் கட்டணம் கிடையாது.

இணைய ரேடியோ என்று இருக்கிறதா?

இதற்கு வீட்டில் இணைய இணைப்பு வேண்டும். தூரம் ஒரு தடை இல்லை. மும்பையில் வேலை செய்யும் ஒடியாக்காரர் தன் ஊர்ப் பாட்டைக் கேட்கலாம். ஆகாசவாணியின் 200க்கும் மேற்பட்ட ஒலிபரப்புகள் இணையத்தில் வருகின்றன. ஆனால் இது இலவசம் இல்லை. ஒரு மணி நேரம் கேட்டால் சுமார் 30 முதல் 60 எம்.பி. டேட்டா செலவாகும். தினமும் 3 மணி நேரம் கேட்டால் மாதம் 3 முதல் 5 ஜி.பி. ஆகும்.

உங்களிடம் ஸ்மார்ட்போன் இருக்கிறதா? அதிலேயே இவற்றைக் கேட்கலாம். சத்தம் போதாவிட்டால் ஒரு சின்ன ஸ்பீக்கர் போதும்.

டிஜிட்டல் என்று இருக்கிறதா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டிஜிட்டலில் பல வகை உண்டு. டி.ஏ.பி. என்ற வகை பிரிட்டன், நார்வே போன்ற நாடுகளில் நடக்கிறது. நம் நாட்டில் அந்த ஒலிபரப்பு இல்லை. ஆகாசவாணி மத்திய அலையில் பயன்படுத்தும் வகை டி.ஆர்.எம். ஒன்றுக்கான ரேடியோவில் மற்றொன்று கேட்காது. டி.ஏ.பி.க்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

வீட்டில் யார் கேட்கப் போகிறார்கள்?

பாட்டிக்குக் கண் மங்கலா? தொடுதிரையில் சின்ன எழுத்து தெரியாது. ஈர விரலுக்குத் திரை சரியாக வேலை செய்யாது. குமிழ் இருந்தால் இருட்டிலும் தடவிப் பார்த்துத் திருப்பலாம். வீட்டில் உள்ளவரையும் கடைக்கு அழைத்துப் போங்கள். அவர் கையாலேயே இயக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பணம் கொடுக்கும் முன்

கடைக்காரரிடம் இவற்றைக் கேளுங்கள்:

1. மின்சாரம் இல்லாதபோது பேட்டரியில் பாடுமா? எத்தனை மணி நேரம்?
2. இணையம் இல்லாதபோது எஃப்.எம். கேட்குமா?
3. பழுதானால் எங்கே சரிசெய்வார்கள்?

முதல் இரண்டு கேள்விக்கும் "ஆம்" என்று பதில் வர வேண்டும். சொன்னால் மட்டும் போதாது. மின்கம்பியைக் கழற்றிவிட்டுப் பாடவைத்துக் காட்டச் சொல்லுங்கள். ரசீதும் உத்தரவாத அட்டையும் கேட்டு வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் சொல்லலாம்.

தொடுதிரை ரேடியோ வாங்குவது தவறில்லை. வசதி இருந்தால் வாங்குங்கள். ஆனால் குறைந்த விலையில் ஒரு பேட்டரி ரேடியோவும் வீட்டில் இருக்கட்டும். நல்ல நாளில் இரண்டும் பாடும். புயல் நாளில் எது பாடும்? யோசித்துப் பாருங்கள்.