மேடை நிர்வாகம்: அடியேன்!

நாடக நோட்டீஸ் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே கொட்டை எழுத்தில் நாடகத்தின் பெயர். அப்புறம் கதை-வசனம், டைரக்‌ஷன், நடிகர்கள், ஒளி, ஒலி, ஒப்பனை... எல்லாம் முடிந்து, கடைசியில் எறும்பு சைஸில் ஒரு வரி: 'மேடை நிர்வாகம்'.

அது நான்தான். எனக்குக் கீழே அச்சகத்தின் பெயர் மட்டும்தான் இருக்கும். அதுவும் சில சமயம் என்னைவிடப் பெரிய எழுத்தில்!

1990-களில் சென்னையில் எனக்கு பேங்க் கிளார்க் உத்தியோகம். சாயந்திரம் வரை லெட்ஜர். அப்புறம் பஸ் பிடித்து சபா. ஆபீஸ்காரர்களுக்கும் தமிழ் நாடகத்துக்கும் ரொம்ப நாள் உறவு சார். 1891-ல் சுகுண விலாச சபையை ஆரம்பித்த பம்மல் சம்பந்த முதலியார், பிற்பாடு வக்கீலாகி ஜட்ஜாகவும் இருந்தவர். கே.பாலசந்தர், ஏ.ஜி. ஆபீஸில் ஃபைல் பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர்.

அந்தப் பரம்பரையில் நானும் ஒரு நடிகனாகத்தான் ட்ரூப்பில் போய்ச் சேர்ந்தேன். முதல் ஒத்திகையில் "சார், தந்தி!" என்று நான் சொன்னதைக் கேட்ட டைரக்டர் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "உனக்குக் கையெழுத்து நன்னா இருக்குமோ? பிராப்பர்ட்டி லிஸ்ட் எழுதேன்" என்றார். முடிந்தது என் கலைப் பயணம்!

மேடை நிர்வாகம் என்றால் என்ன வேலை? என்ன வேலை இல்லை என்று கேளுங்கள்.

அப்போதெல்லாம் 1954-ம் வருஷத்து நாடகச் சட்டப்படி, மேடையேற்றுவதற்கு முன்னால் ஸ்கிரிப்ட்டைக் கொடுத்து போலீஸ் அனுமதி வாங்க வேண்டும். (எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013-ல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது.) ஒரு சிரிப்பு நாடகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கான்ஸ்டபிள் முன்னால் சிரிக்காமல் நின்றேன் பாருங்கள், என் வாழ்நாளில் நான் செய்த ஒரே நல்ல நடிப்பு அதுதான்.

நாடகத்தன்று வேனில் செட் வந்து இறங்கும். மரச்சட்டத்தில் துணியை இழுத்து அடித்து பெயின்ட் பூசிய சுவர்கள். வீட்டுக்குப் பின்சுவர் இருக்கும், முன்சுவர் இருக்காது. சோபாவின் நான்கு கால்களும் எங்கே வர வேண்டும் என்று தரையில் வெள்ளை டேப்பை ஒட்டி வைப்பேன். விளக்கை அணைத்து, ஜனங்கள் இருமி முடிப்பதற்குள் ஹால் ஆஸ்பத்திரியாக மாற வேண்டுமே!

அடுத்தது பிராப்பர்ட்டி மேஜை. மேஜை மேல் வெள்ளைப் பேப்பரை விரித்து, ஒவ்வொரு பொருளையும் வைத்து அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுவேன். மூக்குக் கண்ணாடிக்கு ஒரு கோடு, டம்ளருக்கு ஒரு வட்டம், கடிதத்துக்கு ஒரு சதுரம். சீன் முடிந்ததும் சாமான் அதனதன் கோட்டுக்குள் திரும்பி வந்தாக வேண்டும். கோடு காலியாக இருந்தால் ஆபத்து. ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

கையில் ஸ்கிரிப்ட். ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் 'ஃபோன் மணி', 'லைட் ஆஃப்', 'மழைச் சத்தம்' என்று குறிப்பு. ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் முன்னாலேயே 'ரெடி' என்று இன்னொரு குறிப்பு. மணியை நான் அரை விநாடி தாமதமாக அடித்தால், ஹீரோ அடிக்காத ஃபோனை எடுத்து "ஹலோ" என்பார். சபா முழுக்கச் சிரிக்கும். திட்டு எனக்கு.

முதல் மணி அடித்தால் கேன்டீனில் இருப்பவர்கள் காபியை வேகமாக ஊதுவார்கள். இரண்டாவது மணிக்கு உள்ளே வருவார்கள். மூன்றாவது மணிக்கு ஹீரோ, "என் விக் எங்கேப்பா?" என்பார்.

ஆர்.எஸ்.மனோகரின் 'இலங்கேஸ்வரன்' போன்ற நாடகங்களின் தந்திரக் காட்சிகளைப் பார்த்து வாய் பிளந்த தலைமுறை ஒன்று உண்டு. அந்த மாயத்துக்கெல்லாம் பின்னால் யாரோ சில பேர் இருட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள். நான் பிடித்த கயிறு ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

1996. எங்கள் நாடகத்தில் அப்பா வேஷம் போட்டவர் அறுபதைத் தாண்டியவர். அவருக்கு பிராம்ப்ட் பண்ணியதே கிடையாது. மற்றவர்கள் வசனத்தையும் சேர்த்தே மனப்பாடமாக வைத்திருப்பார். ஒருநாள் மகளோடு பேசுகிற சீனில் டக்கென்று நின்றார். கண்கள் சைடு விங்குக்கு வந்தன. மெதுவாக எடுத்துக் கொடுத்தேன். ஜனங்கள் அதை உருக்கமான இடைவெளி என்று நினைத்துக் கைதட்டினார்கள்!

அன்றைக்கு கிரீன் ரூமில் அரிதாரத்தைத் துடைத்தபடியே சொன்னார்: "தம்பி, கொஞ்ச நாளா இப்படித்தான் இருக்கு. வெளியே சொல்லிடாதே. இது ஒண்ணுதான் இருக்கு எனக்கு."

டைரக்டரிடம் சொல்வதுதான் என் கடமை. சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, கதையில் அவர் படிக்கிற செய்தித்தாளுக்குள் அவருடைய வசனத்தைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். சுவர் காலண்டரில் கொஞ்சம். மாத்திரை டப்பா மூடிக்குள் கொஞ்சம். ஆறு ஷோ தாண்டியது.

ஏழாவது ஷோ. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தைப் போட்டிருந்த சீட்டுக் கம்பெனி மூடப்பட்டதை அவர் பேப்பரில் படிக்க வேண்டிய கட்டம். பேப்பரை விரித்தார். முகம் வெளுத்தது. உள்ளே வசனம் இல்லை. மைக் செட் பையன் நம் பேப்பரை விரித்து மசால் வடை சாப்பிட்டுவிட்டு, அன்றைய பேப்பரை மேஜையில் வைத்திருக்கிறான். என் பென்சில் கோட்டுக்குள் பேப்பர் இருந்தது. தேதிதான் வேறு!

அவர் நின்ற இடத்துக்கு நேர் மேலே மைக். நான் வாயைத் திறந்தால் முதல் வரிசைக்கு முழுசாகக் கேட்கும். என்ன செய்ய? டெலிபோன் ஸ்டூல் என் விங்கிலிருந்து இரண்டடி தூரம்தான். ஸ்கிரிப்ட்டில் இல்லாத மணியை அடித்தேன்.

ஒரு கணம் திகைத்தார். பிறகு நடந்து வந்து ரிசீவரை எடுத்தார். "ஹலோ..."

திரைத் துணிக்குப் பின்னால் நின்று வரி வரியாகச் சொன்னேன். "என்ன... கம்பெனியை மூடிட்டாங்களா?" என்று அவர் திருப்பிச் சொன்னார். குரல் நிஜமாகவே நடுங்கியது. வசனம் தீர்ந்ததும், "பயப்படாதீங்க சார், நான் இங்கேயேதான் இருக்கேன்" என்றேன்.

"தெரியும்... வெச்சுடட்டுமா?" என்றார்.

மகள் வேஷம் போட்ட பெண் படு சூட்டிகை. "யாருப்பா ஃபோன்ல?" என்று கேட்டுவிட்டாள்.

"நமக்கு வேண்டியவர்தாம்மா."

சபாவில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அப்புறம் கைதட்டல்.

படுதா விழுந்ததும் டைரக்டர் ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டார். "என்ன டைமிங்! இனிமே எல்லா ஷோவிலும் இது இருக்கட்டும்." பிறகு என் பக்கம் திரும்பி, "தூங்கிண்டிருந்தியா? மணியை ஏன் தப்பா அடிச்சே?" என்றார். பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன்.

"ஸாரி சார், கை பட்டுடுச்சு."

பஸ் ஸ்டாப்பில் பெரியவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பஸ் வந்த பிறகு சொன்னார்: "இதோட நிறுத்திக்கறேன் தம்பி. முட்டி வலின்னு சொல்லிடலாம்." அப்படித்தான் சொன்னோம். டைரக்டர் கடைசி வரை நம்பினார். நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இப்போது நானும் ரிட்டயராகிவிட்டேன். நாடகத்துக்குப் போனால் ஓர சீட்டாகப் பார்த்து உட்காருகிறேன். அங்கிருந்துதான் சைடு விங் கொஞ்சம் தெரியும். உள்ளே யாராவது நிற்பது கண்ணில் படுகிறதா என்று எட்டிப் பார்ப்பேன்.

படவில்லை என்றால் நிம்மதி. பையன் வேலையை ஒழுங்காகப் பார்க்கிறான்!