தேவாலயத்துக்கு உயில் எழுதுகிறீர்களா?

"என் காலத்துக்குப் பிறகு தோப்பில் பாதி தேவாலயத்துக்கு" என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. வாயால் சொன்னால் போதாது. உயில் எழுத வேண்டும்.

உயில் எழுதியும் செல்லாமல் போன காலம் ஒன்று இருந்தது!

12 மாதக் கெடு

1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 118-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. அது கிறிஸ்தவர்களைக் கட்டிப் போட்டது.

அண்ணன், தம்பி பிள்ளைகளோ, அக்காள், தங்கை பிள்ளைகளோ, அவர்களைவிட நெருங்கிய உறவினரோ இருக்கிறார்களா? அப்படியானால், தேவாலயத்துக்கோ தர்மத்துக்கோ சொத்து எழுதியவர், அதன் பிறகு 12 மாதமாவது உயிரோடு இருக்க வேண்டும். எழுதிய 6 மாதத்துக்குள் உயிலைச் சட்டம் சொன்ன இடத்தில் ஒப்படைக்கவும் வேண்டும்.

பதினோராவது மாதத்தில் உயிர் பிரிந்தால்? அந்தத் தர்மம் செல்லாது. அநாதை இல்லத்துக்கு எழுதினாலும் இதே கதிதான்.

ஏன் இப்படி? சாகக் கிடப்பவரின் மனதைக் கலைத்து எழுதி வாங்கிவிடுவார்களோ என்ற பயம்தான். இங்கிலாந்தில் 1736-ல் பிறந்த சட்டம் இதற்கு முன்னோடி. அங்கே 1960-ல் அதை எடுத்துவிட்டார்கள். இங்கே அது நீடித்தது. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

விலங்கு உடைந்தது

கேரளப் பாதிரியார் ஜான் வல்லமட்டம் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டார். தலைமை நீதிபதி வி.என்.கரே உள்ளிட்ட 3 நீதிபதிகள் விசாரித்தார்கள். 2003-ம் ஆண்டு ஜூலை 21-ந் தேதி தீர்ப்பு வந்தது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்ற அரசியல் சட்டத்துக்கு 118-வது பிரிவு விரோதமானது, அது செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள்.

கவனிக்க வேண்டியவை

இப்போது கெடு இல்லை. ஆனால் விதிகள் உண்டு.

நீங்கள் கையெழுத்துப் போடுவதை 2 சாட்சிகள் பார்க்க வேண்டும். அவர்களும் கையெழுத்திட வேண்டும்.

மகளுக்குப் பங்கு எழுதிவிட்டு, அவளையோ மருமகனையோ சாட்சியாகப் போடாதீர்கள். கிறிஸ்தவர் எழுதும் உயிலில் அப்படிச் செய்தால், அந்தப் பங்கு அவளுக்குக் கிடைக்காது!

உயில் எழுதிய பின் திருமணம் செய்துகொண்டால், பழைய உயில் ரத்தாகிவிடும். புதிதாக எழுத வேண்டும்.

உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. செய்தால் நல்லது. உயிரோடு இருக்கும் வரை மாற்றி எழுதலாம்.

எந்த ஊர் தேவாலயம், எந்தச் சபை என்று தெளிவாக எழுதுங்கள்.

கெடு போய்விட்டது. ஆனால் அதைப் பிறப்பித்த சந்தேகம் எந்த வீட்டிலும் எழலாம். ஆகவே உடம்பும் அறிவும் தெளிவாக இருக்கும்போதே எழுதுங்கள். மனைவி மக்களுக்கு வேண்டியதை முதலில் ஒதுக்குங்கள். அவர்களைக் கூப்பிட்டு, இன்னதை இன்னாருக்கு எழுதியிருக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

தர்மமும் நிலைக்கும். பிள்ளைகள் கோர்ட்டுப் படி ஏறவும் வேண்டாம்.