பெட்டி சொல்லும் லிட்டரும் தொட்டிக்கு வரும் லிட்டரும்

மணிக்கு 1000 லிட்டர் நீர் இறைக்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்த பம்பை வாங்கி வருகிறீர்கள். மீன் தொட்டியின் சம்ப்பில் அதை இறக்கி, குழாயைப் பொருத்தி, சுவிட்சைப் போடுகிறீர்கள். பம்பு ரீங்காரம் செய்கிறது. குழாயில் நீர் முக்கால் உயரம் ஏறி அங்கேயே நின்றுவிடுகிறது. மேல் தொட்டிக்கு ஒரு சொட்டும் வரவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 'அதிகபட்ச உயரம் 1 மீட்டர்' என்று பொடி எழுத்தில் இருக்கும். உங்கள் தொட்டியோ சம்ப்பிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

வீட்டு சம்ப்பிலிருந்து மொட்டை மாடித் தொட்டிக்கு நீர் ஏற்றும் வேலையையேதான் இந்தச் சிறு பம்பும் செய்கிறது. ஆனால் அது ஒரு மணி நேரம் ஓடி ஓய்வெடுக்கும். இதற்கு ஓய்வே கிடையாது. மேல் தொட்டியில் நிரம்பி வழியும் நீர் தானாகவே அடியிலுள்ள சம்ப்புக்கு இறங்குகிறது. அங்கே பஞ்சையும் பீங்கான் வளையங்களையும் கடந்து கடைசி அறைக்கு வந்ததும் பம்பு அதைத் திரும்ப மேலே அனுப்புகிறது. மீன்களின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா அவற்றுக்கே நஞ்சு. வளையங்களின் மேல் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இதற்கு அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். அதைக் கொண்டு சேர்ப்பது ஓடும் நீரே. ஓட்டம் நின்றால் வடிகட்டியும் செயலற்றுப் போகிறது.

பெட்டியில் பெரிதாக அச்சிட்ட லிட்டர் எண், நீரைச் சிறிதும் உயர்த்தாமல் பம்பை வெறுமனே ஓடவிட்டால் கிடைக்கும் அளவு. பம்பினுள் சுழலும் சிறு சக்கரம் மையவிலக்கு விசையால் நீரை வெளியே தள்ளுகிறது. அது ஓர் அளவு அழுத்தத்தைத்தான் தர முடியும். உயரம் கூடக் கூட அந்த அழுத்தம் நீரைத் தாங்கி நிற்பதிலேயே செலவாகி, ஓட்டம் குறைகிறது. அதிகபட்ச உயரத்தில் ஓட்டம் பூஜ்யம்.

அப்படியானால் எந்த உயரத்தை அளப்பது? பலர் பம்பிலிருந்து அளக்கிறார்கள், அது தவறு. சம்ப்பின் நீர்மட்டத்திலிருந்து மேல் தொட்டியின் நீர்மட்டம் வரை அளந்தால் போதும். பம்பு நீருக்குள் 15 செ.மீ. மூழ்கியிருந்தாலும், அந்த 15 செ.மீ. உயரத்துக்குச் சுற்றியுள்ள நீரே குழாய் நீரைத் தள்ளிவிடுகிறது.

இனி ஒரு கணக்கு. 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரமுள்ள தொட்டி விளிம்பு வரை 243 லிட்டர் கொள்ளும். நன்னீர் மீன்களுக்கு மணிக்கு நான்கைந்து முறை நீர் சுற்றி வந்தால் போதும் என்பது மீன் வளர்ப்போரின் அனுபவம். ஐந்து முறை என்றால் சுமார் 1200 லிட்டர். ஏற்ற வேண்டிய உயரம் 1.2 மீட்டர்.

இத்துடன் கணக்கு முடியவில்லை. குழாயின் உராய்வும் ஓர் உயரமே. ஒன்றரை மீட்டர் நீளமும் மூன்று எல்போக்களும் உள்ள அரை அங்குலக் குழாயில் 1200 லிட்டரைச் செலுத்த, கூடுதலாக ஏறத்தாழ 1.1 மீட்டர் உயர்த்தும் அளவுக்கு அழுத்தம் வேண்டும்! கண்ணுக்குத் தெரியும் உயரத்துக்குச் சமமாகக் கண்ணுக்குத் தெரியாத உயரம். அதே குழாய் ஒரு அங்குலமாக இருந்தால் இழப்பு சுமார் 12 செ.மீ. மட்டுமே. குழாயின் விட்டத்தைச் சற்றுக் குறைத்தாலும் உராய்வு பன்மடங்கு ஏறிவிடும் என்பதே காரணம்.

ஆக, ஒரு அங்குலக் குழாயில் மொத்த உயரம் 1.32 மீட்டர். '2500 லிட்டர், 2.5 மீட்டர்' என்று அச்சிட்ட பம்பு அந்த உயரத்தில் ஏறத்தாழ 1200 லிட்டர் தரும். உயரத்துக்கு நேர்விகிதத்தில் ஓட்டம் குறைவதாகக் கொண்டு போட்ட கணக்கு இது. பெட்டிக்குள் வரைபடம் இருந்தால் அதையே நம்புங்கள். இதே பம்பை அரை அங்குலக் குழாயில் மாட்டினால் 800 லிட்டர்தான் வரும். பெரிய பம்புக்குச் செலவழிக்குமுன் பெரிய குழாய் வாங்குவது மலிவு.

சற்று அதிகமாக நீர் வந்தால் கவலையில்லை. பம்புக்கு மேலே ஒரு வால்வு வைத்துக் குறைத்துக்கொள்ளலாம். இவ்வகைப் பம்புக்கு அதனால் கேடில்லை. கீழே இறங்கும் குழாயை மட்டும் அடைத்துச் சரிசெய்ய முயலாதீர்கள். மேல் தொட்டி பொங்கி வழியும்.

மிகப் பெரிய பம்பு வேண்டாம் என்பதற்கு வேறு காரணமும் உண்டு. 25 வாட் பம்பு இரவும் பகலும் ஓடினால் 30 நாளில் 18 யூனிட். 60 வாட் என்றால் 43 யூனிட். நீரில் மூழ்கி ஓடும் பம்பு தின்னும் மின்சாரம் அநேகமாக முழுவதும் கடைசியில் வெப்பமாகி அந்த நீரிலேயே சேர்கிறது. சென்னைக் கொளத்தூரில் மீன் வாங்கி அங்கேயே சித்திரை வெயிலில் வளர்ப்பவருக்கு இது சிறிய விஷயமல்ல.

எல்லாம் சரியாக ஓடும்போது நள்ளிரவில் மின்சாரம் போகிறது. நின்றுபோன பம்பு நீரைத் தடுக்காது. அது வால்வு அல்ல. குழாயின் வாய் மேல் தொட்டி நீருக்குள் 10 செ.மீ. ஆழத்தில் இருந்தால், மண்ணெண்ணெயை ரப்பர் குழாயால் இறக்கும் அதே சைபன் முறையில், வாய் வெளியே தெரியும் வரை நீர் கீழே இறங்கும். நம் தொட்டியில் ஒரு செ.மீ. இறங்கினால் 5.4 லிட்டர், 10 செ.மீ. என்றால் 54 லிட்டர். 75 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமுமுள்ள சம்ப்பில் 15 செ.மீ. காலியிடம் விட்டிருந்தாலும் அது கொள்வது 34 லிட்டர்தான். மீதி 20 லிட்டர் உங்கள் தரையில். அங்கே மின் பிளக்கும் இருக்கலாம்.

ஆகவே குழாயின் வாயை நீர்மட்டத்தை ஒட்டியே வையுங்கள். மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் 4 மி.மீ. துளை ஒன்று போட்டால், நீர் இறங்கியதும் காற்று புகுந்து சைபன் அறும். துளையைப் பாசி அடைத்துவிடும். மாதம் ஒருமுறை குத்திவிட வேண்டும். திருப்பித் தடுக்கும் வால்வை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு நத்தை சிக்கினாலே அது மூடாது. பிளக்கைச் சம்ப்பின் மட்டத்துக்கு மேலே வைத்து, ஒயரை அதற்குக் கீழே தொங்கும்படி விடுங்கள். ஒயர் வழியாக வழியும் நீர் பிளக்கை எட்டாமல் கீழே சொட்டிவிடும். தொட்டிக்குள் கைவிடுமுன் சுவிட்சை அணையுங்கள்.

மீன்களை விடுவதற்கு முன்பே ஒரு பகலில் சோதித்துப் பாருங்கள். பம்பை ஓடவிட்டு, பின் நிறுத்துங்கள். நீர் முழுவதும் இறங்கி அடங்கிய பிறகு சம்ப்பின் விளிம்புக்குக் கீழே இரண்டு விரல் இடமாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லையானால் நீரைக் குறையுங்கள். பிறகு மறுபடி ஓடவிட்டு, பம்பு இருக்கும் அறையில் அப்போது நிற்கும் நீர்மட்டத்தை மார்க்கர் பேனாவால் கோடிடுங்கள். ஆவியாகிக் குறையும் நீரை ஈடுசெய்யும்போது, பம்பு ஓடிக்கொண்டிருக்கையில், அந்தக் கோடு வரை மட்டும் ஊற்றுங்கள்.